வெள்ளித்தகட்டு வலது கால்

என்ற மாமாவுக்கு,

வர்ற ஐப்பசி வந்தா நீங்க போயி ரண்டு வருஷமாகுதுங்க. சிங்காநல்லூர் ஊடு அப்படியேதான் இருக்குது. மகள் பக்கத்துத் தெருவுக்கே குடி வந்துட்டா. நான் இன்னும் பீளமேட்டுக் காலேஜுல கூட்டித் தொடைக்கற வேலைக்குத்தான் போறேன்.

எழுத வந்த சேதி வேற. போன வாரம் காலேஜுல ஒரு கண்காட்சி. ரொம்பப் பழைய காலத்துல கிரீஸ் தேசத்துல எப்படி வைத்தியம் பாத்தாங்கன்னு படம் படமா மாட்டியிருந்தாங்க. தரையத் தொடைச்சுட்டே வந்தவ ஒரு படத்துக்கு முன்னாடி நின்னுபோட்டேன். சுட்ட மண்ணுல செஞ்ச கால், மாமா. ஒத்தைக் கால்.

அங்க நின்ன காலேஜுப் புள்ளையக் கேட்டேன். "ஏங்கண்ணு, இது என்ன?"

"கால்ல சீக்கு வந்தா சாமிக்குக் கால் செஞ்சு வெப்பாங்களாமுங்கம்மா. கோயில்லயே படுத்துக் கெடப்பாங்களாம். கனவுல சாமி வந்து கொணமாக்குமாம்."

எனக்குத் தாராபுரத்து அம்மன் கோயில் நெனப்பு வந்துருச்சு. லேத்துப் பட்டறையில இரும்புச் சுருள் கிழிச்ச உங்க எடது காலுக்காக நான் வெள்ளித்தகட்டுக் கால் வாங்கிட்டு வந்து, மூணு நாள் உங்கள மண்டபத்துல படுக்க வெச்சனே. தகட்டப் பாத்துப்போட்டு நீங்க சிரிச்சீங்க. "ஏம்புள்ளே, வலது காலை வாங்கிட்டு வந்திருக்கறயே! சாமி நல்ல காலையில்ல சரி பண்ணப் போகுது?"

அதுக்கப்புறமும் பதினஞ்சு நாள், அம்மன் பாத்துக்குவான்னு காத்திருந்தேன். உங்களுது சக்கரை ஒடம்புன்னு தெரிஞ்சும். பாதம் கறுத்தப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் திட்டலை. "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமுங்க"ன்னாரு, அவ்வளவுதான். வலது கால் வாங்குன தப்புதான் உங்களக் கொண்டுபோச்சுன்னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். அப்படிச் சொல்லிக்கறது சுலபம்.

அந்தப் புள்ளைய இன்னொண்ணும் கேட்டேன். "கோயிலுக்குப் போனவங்க வைத்தியர்கிட்டப் போக மாட்டாங்களா?"

"ரண்டு பக்கமும் போவாங்களாமுங்க. வைத்தியருங்களே அந்தச் சாமி பேர்லதான் சத்தியம் பண்ணுவாங்களாம்."

நான்தானுங்க வரிசை போட்டேன், மொதல்ல கோயிலு, அப்புறம் ஆஸ்பத்திரின்னு. ஒரே நாள்ல ரண்டுக்கும் போகக்கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லுச்சு? வலிக்குதுன்னு நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்ற மனசு நோகுமேன்னு இருந்துட்டீங்களா?

இப்ப என்ற எடது பாதத்துலயும் ஒரு புண்ணு, மாமா. செருப்புக் கடி. எனக்கும் சக்கரை இருக்கறது உங்களுக்குத் தெரியும். ஒரு வாரமா மகள்கிட்டக் காட்டாம மஞ்சள் வெச்சுக் கட்டிட்டிருந்தேன். இன்னைக்குக் காலையில துணிய அவுத்துக் காட்டிப்போட்டேன். "ஏம்மா மறைச்சே?"ன்னு நல்லா வஞ்சா.

நாளைக்கு மொதல்ல டாக்டரு. அங்கிருந்து நேரா தாராபுரம் பஸ்ஸு. சத்தியமாப் போறேனுங்க. தகடும் வாங்குவேன். இந்தத் தடவை கடையிலயே செருப்பக் கழட்டி, என்ற காலோட வெச்சுப் பாத்துத்தான் வாங்குவேன்.

உங்க ஊட்டுக்காரி,
மயிலாத்தாள்