பிரிண்டிசியில் மிஞ்சிய தூண்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீங்கள் பிரிண்டிசியிலிருந்து வாங்கிவந்த படத்தில் பூத்திருந்த பூஞ்சையைத் துடைத்தேன். கரண்ட் இல்லை, ஜன்னல் வெளிச்சம் போதுமாயிருந்தது. துறைமுகப் படிக்கட்டின் உச்சியில் அந்த ஒற்றைத் தூண். பக்கத்தில் வெறும் பீடம்.

உங்கள் கப்பல் அந்தத் தெற்கு இத்தாலியத் துறைமுகத்துக்குப் போகிறது என்றதும், வரலாறு படித்தவள் என்ற வீம்பில் தேடித் தேடிப் படித்தேன். நீங்கள் திரும்பியதும் ரங்கூனில் நம் பபேடான் பேட்டை வீட்டில் சோறு ஆறும் வரை அதே பேச்சு. ஒரு போரில் ரோமானியப் படைத்தலைவன் துறைமுக வாயை அடைக்கப் பார்த்தது. பின்னாளில் வாய் தூர்ந்து, நீர் தேங்கி, காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டது. மறுபடி தோண்டித் திறந்தார்கள். லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த தபால் மூட்டைகள் அங்கேதான் ரயிலிலிருந்து கப்பலேறின.

"அப்ப ரங்கூன் கடுதாசியும் அந்த வழியா வந்திருக்கும், காலேஜ்காரி!" என்றீர்கள்.

தூண் முதலில் இரண்டு. ஒன்று விழுந்தபின் துண்டுகளைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஜோடி போயிருச்சே, இதையும் எடுத்துரலாமேன்னு ஒரு கிழவன்கிட்ட கேட்டேன். கரை தெரிய ஒண்ணு போதாதான்னு முறைச்சான்" என்று சிரித்தீர்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். வரும் ஞாயிறு நம் மகளுக்குக் கல்யாணம்.

நேற்று இன்சீனிலிருந்து உங்கள் அக்கா வந்தார்.

"தம்பியும் அவன் பொண்டாட்டியும் தாரை வார்க்கட்டும். நீ பின்னால உக்காந்துக்க."

"பெத்தவ நான் இருக்கேனே, மதினி."

"இருக்கே. ஒத்தையால்ல இருக்கே."

"விடு, அமே" என்றாள் மகள், அம்மாவைப் பர்மியத்தில் அழைக்கும் வழக்கப்படி. "அத்தையைப் பேசி ஜெயிச்சவங்க இந்த ஊர்லயே கிடையாது." சிரிக்கத்தான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் தலையாட்டிவிட்டதாக நினைத்து உங்கள் அக்கா ரயிலேறினார். நான் ஆட்டவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் அவள் கையை நீங்கள் பிடிக்க, நான் நீர் வார்த்திருப்பேன். எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், பெற்றவள் கடைசி வரிசையில் முந்தானையைத் திருகிக்கொண்டிருப்பதை. அந்த வரிசையில் எனக்கு நாற்காலி வேண்டாம்.

செம்பைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன். எதற்கென்று யாருக்கும் இன்னும் தெரியாது. ஞாயிறன்று ஐயர் உங்கள் தம்பியைக் கூப்பிடும் முன் நான் எழுவேன். இடக்கையில் அவள் கை. வலக்கையால் செம்பைச் சாய்ப்பேன்.