முட்டி வலி நாடகம்

அன்புள்ள அப்பா,

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நடிக்க வரவில்லை.

நேற்று உங்களை நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு அரை நிமிடம் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னேன். இரண்டு தடவை எழுந்ததுமே நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "முடியலடா, முட்டி பிடிக்குது" என்றீர்கள். முதியவர்களின் கால் பலத்தைச் சோதிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நானும் நம்பித் தொலைத்தேன். "அப்போ வாரா வாரம் நானே வந்து பயிற்சி குடுக்கணும்" என்றதும் உங்கள் முகம் பல்பு போட்டதுபோல் ஆனது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தெருமுனை வரை போனவன், மறந்துவிட்ட ஸ்டாப்வாட்சை எடுக்கத் திரும்பி வந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், அதே நாற்காலி மேல் நின்று ஃபேன் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாட்டு வேறு! கூப்பிட்டால் விழுந்துவிடுவீர்களே என்று, நீங்கள் துள்ளி இறங்கும்வரை மூச்சுக்கூட விடாமல் நின்றுவிட்டு, வாட்சை எடுக்காமலே போய்விட்டேன். அந்தத் துடைப்புக்குத் திட்டு தனியாக உண்டு.

இந்தச் சோதனையில் தோற்றால், தனியாக இருக்க முடியாதவர் என்று அக்கா உங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவாள். அங்கே டிவி ரிமோட்கூட உங்கள் கைக்கு வராது. "அவருக்குக் குதிரைக் கால், அவர் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"வாடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு வருகிறேன். நொண்டாமல் வந்து கதவைத் திறங்கள். ஸ்டாப்வாட்ச் அங்கேயே இருக்கட்டும்.

உங்களிடம் ஏமாந்த
மகன்