விரதத்துக்காக நிறுத்திய மருந்து

தாம்பரத்தில் டாக்டர் அறையில் இன்று காலை இருந்தது நாங்கள் மூவர்தான் அக்கா: டாக்டரம்மா, உங்கள் மகள் வித்யா, நான். மேசைமேல் கேப்சூல் அட்டை. மனச்சோர்வுக்கென்று உங்களுக்கு எழுதித் தந்தார்களே, அதே பச்சையும் வெள்ளையும். இப்போது உங்கள் மகளுக்கு.

“அம்மாவுக்கே இது கேக்கல டாக்டர். எனக்கு எதுக்கு?” என்று அட்டையைத் தள்ளிவிட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செரடோனின் என்றொரு ரசாயனம் கொடுக்கிறதாம். கொடுத்த கையோடு திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறதாம். நம் கொலுவுக்கு வந்தவள் வெற்றிலையை எடுப்பதற்குள் தட்டைப் பின்னுக்கு இழுத்தால் எப்படி? எனக்கு அப்படித்தான் புரிந்தது. மருந்து அந்த இழுக்கும் கையைப் பிடித்துக்கொள்கிறது. தட்டு இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியபடி இருக்கும். “ஆனா மனசு தெளிய சில வாரம் ஆகும்மா. நடுவுல நீங்களா நிறுத்தக் கூடாது” என்றார்.

எனக்குக் குரோம்பேட்டை வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது. சஷ்டி விரதம் தொடங்கிய காலை. கேப்சூல் உறையை மாட்டெலும்பிலிருந்து செய்வார்கள் என்று எதிலோ படித்துவிட்டு வந்து நின்றேன். “விரதத்துல அது வேணாம்க்கா. இத்தனை நாள் முழுங்கி என்ன கண்டீங்க? முருகன் பாத்துப்பான்.”

சிரித்தீர்கள். “நம்ம வீட்டு டாக்டரே சொல்லியாச்சு. அப்பீல் ஏது?”

விரதம் முடிந்த பிறகும் நீங்கள் அந்த அட்டையைத் தொடவில்லை. நானும் எடுத்துத் தரவில்லை. மாரடைப்பு வந்து உங்களைக் கொண்டுபோகும்வரை பகலிலும் சன்னல் திரையை விலக்காமல் படுத்திருந்தீர்கள். நான் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டே இருந்தேன்.

இன்று அந்த உறையைப் பற்றி டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அவ்ளோதானே? உறை இல்லாம மாத்திரையாவே எழுதித் தரேன்” என்றார். அவ்வளவுதான் அக்கா. அன்றும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெளியே வந்ததும் வித்யாவிடம் சொல்லிவிட்டேன். “அம்மாவுக்குக் கேக்காம இல்ல. அம்மா மருந்த சரியா சாப்பிடவே இல்ல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்.”

அவள் கையை நீட்டி, “சீட்டக் குடுங்க சித்தி. நீங்க கூட வர வேணாம்” என்று மருந்துக்கடைக்குத் தனியாக நடந்தாள். ஆட்டோவில் வீடு வரை மாத்திரைப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவள் கோபத்தைத் தாங்கிக்கொள்வேன். மாலையில் விளக்கேற்றி நின்றபோது முருகனிடம் மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. கேட்க வேண்டிய இடம் அதுவல்லவே.

உங்களுக்கும் என்மேல் கோபமா அக்கா? சீக்கிரம் கனவிலாவது வந்து பதில் சொல்லுங்கள்.