மீட்டர் ஏறாத கார்

அல்மாத்தி
அக்டோபர் 19

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. நலம்தானே? புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை நம் மருமகள்கள் சொல்வதில்லை. எழுதவும் எனக்குக் கை வரவில்லை. கல்யாணத்தன்று உனக்கு நான் வைத்த பெயரே இருக்கட்டும். கொரியாவில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே மலையில் பனி இறங்கிவிட்டது.

எட்டு சிலிண்டர் பழைய கார் வாங்கப் போகிறாயாமே, விற்கும்போது எந்தக் காருக்கு விலை நிற்கும் என்று போனில் கேட்டாய். பிறகு எழுதுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்த விஷயத்தில் நீ அண்ணனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாய். அவர் சொன்னது முழுக்க எனக்கு மனப்பாடம். புதிதாக வாங்குகிறவன் மூன்றே வருஷத்தில் பாதி விலையைத் தொலைப்பான். அந்த நஷ்டம் அவனோடு போகட்டும், நீ நான்காம் வருஷம் வாங்கு. வெள்ளை நிறமாகப் பார். கதவு நசுங்கியிருந்தாலும் மறுபடி பெயின்ட் அடிக்காதே, கருவி வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். முக்கியமாக, மீட்டர் ஏறக் கூடாது.

வாங்கும்போது மீட்டரில் முப்பத்தோராயிரம் இருந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் அவர் ஓட்டியது இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. பல்காஷ் ஏரிக்குப் போகலாம் என்று கேட்டேன். "போக வர ஆயிரத்துக்கு மேல ஏறிடுமே, அப்புறம் எவன் வாங்குவான்?" என்றார். பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் எனக்கு வாந்தி.

போன வாரம் அந்தக் காரை விற்றுவிட்டேன். வந்தவன் மீட்டரைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, முப்பத்தி மூணாயிரம்தானா? எந்தப் பட்டறையில திருப்பினீங்க? நல்ல வேலைக்காரன்தான்!" என்றான். நம் ஊரில் எல்லோரும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்பித்தானே விற்கிறார்கள்; குறைவாக இருந்தால் யார் நம்புவார்கள்? இதை எப்படி உன் அண்ணன் மறந்தார் என்று தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்டான். சரி என்றேன். சீட்டுக்கு அண்ணன் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை வாசலிலேயே பிய்த்துப் போட்டுவிட்டு ஓட்டிப் போனான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. ஜனவரியில் அவருக்கு நெஞ்சு வலித்தபோது நான் கார் சாவியை எடுத்தேன். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. "பனி உருகறதுக்கு ரோடு பூரா உப்பு கொட்டியிருக்கான், அடியில துரு ஏறிடும். ஒண்ணுமில்ல, டாக்ஸி கூப்பிடு" என்றார். சாவியை ஆணியில் திரும்ப மாட்டினேன். டாக்ஸி வர நாற்பது நிமிஷம் ஆனது. வழியிலேயே போய்விட்டார்.

இன்னும் அழுகை வரவில்லை. நம் வழக்கப்படி வெள்ளிதோறும் அவர் பெயரில் ஏழு ரொட்டி பொரித்து அக்கம்பக்கத்தில் கொடுக்கிறேன். கை தானாகச் செய்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

உன் ஆய்சுலு மாசமாக இருக்கிறாள் என்றாய். அதைக் கேட்டுத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். எந்தக் கார் வேண்டுமானாலும் வாங்கு, விலை நின்றாலும் சரி, விழுந்தாலும் சரி. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், உங்கள் வழி திறந்திருக்கட்டும். அவளுக்கு எப்போது வலி வந்தாலும், வெளியே என்ன கொட்டிக் கிடந்தாலும், உடனே காரை எடு. அவளே வேண்டாம் என்றாலும் கேட்காதே.

உன் அண்ணி,
குல்பாரம்