தளர்ந்துபோன முகமூடி

அன்பு மகனுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. நீ, மருமகள், குழந்தை எல்லோரும் சுகமாக இருப்பீர்கள், இருக்கத்தான் வேண்டும், இந்தக் குடும்பத்தில் ஒருவர் படுவதே போதும். இங்கே சுகமில்லை. ஃபோனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவின் தொண்டைக்குக் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரி டயட்டீஷியன் பெண் தலைபாடாக அடித்துக்கொண்டாள், போகப்போக விழுங்க முடியாது, எடை குறையக் கூடாது, வயிற்றில் சின்னதாக ஒரு குழாய் போட்டுவிடலாம் என்று. நீதான் அங்கிருந்தே பெரிய டாக்டர் மாதிரி, "குழாய் போட்டா மனுஷன் அவ்வளவுதாம்மா, வாயாலயே குடுங்க" என்றாய். ஊரார் வீட்டுக்கெல்லாம் குழாய் மாட்டியே உன்னைப் படிக்கவைத்த மனிதர், தனக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், மகன் சொல்லிவிட்டானாம். மூன்றாம் வாரம் தண்ணீரே முள்ளாக இறங்கியது, நான் கரைத்துக் கொடுத்ததெல்லாம் பாதி வாஷ்பேசினில் போனது. எடை பார்க்கும் நாளில் அவருடைய பெரிய ஸ்பானர் இரண்டை நான்தான் சட்டைக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன், அந்தப் பெண் திட்டுவாளே என்ற பயம், உனக்கு நல்ல சேதி சொல்ல வேண்டுமே என்ற ஆசை. எடை மெஷின் ஏமாந்தது. ஆனால் கதிர் பிசகாமல் விழ முகத்துக்கு அளவெடுத்துச் செய்து மேசையோடு பூட்டுவார்களே ஒரு முகமூடி, முகம் வற்றியதில் அது இரண்டு விரல் நுழையும்படி லொடலொடத்துவிட்டது. மெஷின் ஆள் அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாளாக வைத்தியம் நின்றுகிடக்கிறது, கட்டி மட்டும் வளர்கிறது. "போன நாளைத் திருப்பித் தர எங்ககிட்ட மருந்து இல்லம்மா" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது குழாய் போட்டாகிவிட்டது. மூன்று மணிக்கொரு தரம் தலையை உயர்த்திவைத்து, சிரிஞ்சில் சத்துமாவுப் பாலை மெதுவாக விட்டு, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். ஜாயின்ட் கசிகிறதா என்று அவரே விரலால் தடவிப் பார்க்கிறார், தொழில் புத்தி. சிரித்துவிட்டேன், அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். எடை நின்றால் திங்கட்கிழமை புது முகமூடிக்கு அளவெடுப்பார்கள், நிற்காவிட்டால் வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பாவத்தில் என் பங்கு பாதி, உன் பங்கு பாதி. உனக்குச் சொல்லக் கூடாதென்று அப்பா பேப்பரில் எழுதிக் காட்டினார், பையன் தாங்க மாட்டானாம். தாங்கு.

நோய்நொடி இல்லாமல் குழந்தைகுட்டியோடு நன்றாயிரு. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை வீடியோ ஃபோனில் வந்ததும் வழக்கம்போல "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்காதே. போன தடவை நீ கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினார், அன்று அவருக்கு எச்சில்கூட இறங்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா