மூன்று பேர் வேண்டாமென்ற வீடு

அம்மாவுக்கு ஹோய் யிங்கின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? நான் நலம்.

ஹாங்காங்கில் ஒன்பது வருடமாகக் காத்திருந்த அரசு வீடு கிடைத்துவிட்டது. வரிசைப்படி வர, தனி ஆளுக்கு இன்னும் பல வருடம் ஆகுமாம். இந்த அறையிலோ காலை நீட்டினால் கதவு இடிக்கிறது. அதனால் மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய வீடுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"மூணு பேர் வேண்டாம்னுட்டாங்க. அங்க ஒரு சாவு நடந்திருக்கு, நல்லா யோசிச்சுக்கம்மா," என்றார் அலுவலர்.

"பேய் இருந்தா பாத்திரம் தேய்க்கச் சொல்றேன் சார்," என்றேன். சிரித்துவிட்டார்.

பயப்படாதீர்கள், கொலையெல்லாம் இல்லை. தனியாக இருந்த ஒரு கிழவி தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

"பதினோரு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கதவைத் தட்ட ஆளில்ல பாரு," என்றார் புது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லோக் அக்கா.

தீட்டுக் கழிய வீட்டைக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரில் போட நம் தோட்டத்துப் பம்பளிமாஸ் இலை கொஞ்சம் அனுப்புங்கள். இனி தினமும் ஒருமுறை போன் செய்யுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. லோக் அக்காவின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டு நாள் நான் போனை எடுக்காவிட்டால், அவரைக் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ஹோய் யிங்