திறக்காமல் விட்ட மஞ்சள் உறை

நம் சைபர் கஃபே இப்போது ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடையாகிவிட்டது. தாபோடியில் அதே கட்டடம், அதே முதல் மாடி, அதே பதினான்கு படிகள். நீயும் நானும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த பிளைவுட் கூண்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சுவரோடு ஒரு நீள இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அது நாள் முழுக்க முகங்களைத் துப்புகிறது. பிறந்தநாள் காணும் பேட்டைத் தலைவர், அவரை வாழ்த்தும் முப்பது பேர், அடுத்ததாகச் செத்துப்போன யாரோ ஒருவர். மை நாற்றம் ஏறினால் தொண்டை கரகரக்கிறது. நேற்று நான் போனபோது கொடியில் ஒரு பேனர் காய்ந்துகொண்டிருந்தது. மேலே மராத்தியில் 'பாவ்பூர்ண ஷ்ரத்தாஞ்சலி', கீழே இன்னும் ஈரம் போகாத ஒரு கிழவரின் முகம். கண்ணீர் அஞ்சலிக்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் அந்த இரண்டு வார்த்தைகளை இதே அறையில் எத்தனை முறை சிரித்துக்கொண்டே தட்டியிருப்பேன். நேற்று சிரிப்பு வரவில்லை. நான் போனது உன் பேனருக்காக.

உன் தங்கை போன வாரம் ஃபோன் செய்தாள். நீ போய் இருபது வருஷம் ஆகிறதாம். ஆகுர்டி நாக்காவில், உங்கள் வீட்டுப் பக்கத்து நாற்சந்தியில், உன் படம் வைக்க வேண்டுமாம்.

"மராத்தியில ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு போடறோம்ணா. தமிழ நீங்கதான் எழுதித் தரணும். பெருசா ஒண்ணும் வேணாம். அவன் கடைசியா உங்களுக்கு எழுதினான் இல்ல, அந்த ஒரு லைன் போதும். அம்மா சாகற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க."

"சரிம்மா" என்றேன். அந்தச் சரிம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ இருந்திருந்தால், "ஆரம்பிச்சிட்டான்யா, இனி லைன் முடியற லோனாவ்லா வரைக்கும் நிறுத்தமாட்டான்" என்றிருப்பாய்.

முதலில் உன்னைப் பார்த்தது டிவி பெட்டியில் கேசட் செருகி ஆடும் கேம் பார்லரில். நான் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன், நீ ஆட்டோ கம்பெனித் தொழிலாளி மகன். பள்ளிக்கூடம் போகிறேன் என்று ஆகுர்டியிலிருந்து நாலு ஸ்டேஷன் தாண்டி வந்து இறங்குவாய். எப்போதும் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்குவாய் என்பதால் உனக்குக் 'கடைசி டப்பா' என்று பெயர் வைத்தவன் நான். எனக்குக் 'கொசு' என்று நீ வைத்தாய். காதோரம் விடாமல் ரீங்கரிப்பேனாம். பின்னாளில் இன்டர்நெட் வந்ததும் இரண்டு பட்டங்களும் நம் உறுப்பினர் பெயர்களாயின.

நம் தளத்தின் பெயர் 'ஒரு லைஃப் பாக்கி'. அமெரிக்காவில் எவனோ இலவசமாகக் கொடுத்த இடத்தில், கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து, மூலையில் எரியும் மண்டையோடு. இன்று பார்த்தால் மந்திரவாதி கடை என்று நினைப்பார்கள். தாபோடி, கட்கி, பிம்ப்ரி பையன்கள் நாற்பது பேர், ஆங்கில எழுத்தில் தமிழைக் கொத்துக்கறி போட்டோம். உன் பங்கு வழிகாட்டிகள். ஒரு கேமில் எந்தக் கதவைத் திறக்கலாம், எந்தச் சுவருக்குப் பின்னால் பேய் நிற்கிறது என்று, கீபோர்டில் உள்ள கோடும் புள்ளியும் வைத்தே முழு வரைபடம் போட்டுவிடுவாய். ஆனால் ஒவ்வொரு வழிகாட்டியும் ஒரே இடத்தில் நின்றுவிடும். 'கடைசி ரூமுக்கு நான் வழி சொல்லமாட்டேன். நீயே போய்ப் பாரு.' நாற்பது பேரும் உன்னைத் திட்டினோம். நீ ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

என் பங்கு சாவு. வேறு எப்படிச் சொல்வது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எல்லோரும் வந்து 'ஆஜர்' என்று தட்ட வேண்டும் என்பது நம் சட்டம். வியாழன் கரண்ட் இருக்காது, மற்ற நாளில் காலேஜ், ஆகவே ஞாயிறு. மூன்று ஞாயிறு தொடர்ந்து வராதவன் செத்தவன். அவனுக்கு நான் 'பாவ்பூர்ண' போடுவேன். கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அஞ்சலி. அதைப் படித்துவிட்டு ஆள் பதறிப்போய் உயிரோடு வந்து கெட்ட வார்த்தையில் திட்டுவான். பிறகு மறு ஆஜர். பதினோரு பேரை அப்படிச் சாகடித்தேன், பதினோரு பேரும் எழுந்து வந்தார்கள். எமன் செய்யாத வேலை என்று தலைக்கனம் வேறு.

அப்புறம் நீ படிகளில் நிற்க ஆரம்பித்தாய்.

ஏழாவது படி. அங்கே வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெருவில் ஏதோ சுவாரஸ்யமாக நடப்பதுபோலப் பார்ப்பாய். "இன்னாடா, மேல வர்றதுக்கு விசா வாங்கணுமா?" என்று மேலிருந்து கத்துவேன். வடாபாவில் மிளகாய் உப்பைத் தட்டிவிட்டுத் தின்றாய், அதைக் கிண்டல் செய்தேன். செருப்பு வார் உன் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது, காலணி சின்னதா கால் பெரிதா என்று கேட்டேன். முகம் உப்பியபோது, "வூட்டு சாப்பாடு ஒத்துக்கிச்சுடா உனக்கு" என்றேன். நீ ஒவ்வொன்றுக்கும் சிரித்தாய். உனக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுக்கொண்டிருந்தது. உனக்குத் தெரியும், உன் வீட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிண்டலுக்கு நல்ல சரக்கு சிக்குகிறது என்பதுதான்.

ஒரு ஞாயிறு நீ வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. உன் வீட்டில் ஃபோன் கிடையாது. நாலு ஸ்டேஷன்தான். ஒரு லோக்கல் பிடித்தால் டீ ஆறுவதற்குள் ஆகுர்டி. நான் போகவில்லை, ஏனென்றால் மூன்றாவது ஞாயிற்றுக்காகக் காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், நீ அன்றைக்கு வந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். மனசுக்குள் அஞ்சலி முழுக்கத் தயாராகியிருந்தது.

பதினொன்றேகாலுக்குப் போட்டேன். என் வாழ்நாளின் சிறந்த பாவ்பூர்ண அது. இன்று தமிழ்ச் சங்க மலரில் வருஷம் ஒரு நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறேன், மாமிகள் சிரிக்கிறார்கள், ஆனால் அந்த உயரத்தை மறுபடி தொட்டதில்லை. இப்போதும் மனப்பாடம்: 'கடைசி டப்பா அவர்கள், மாடிப்படி எனும் மாமலையில் ஏறுகையில், ஏழாம் படியில் இறைவனடி சேர்ந்தார். மீதி ஏழு படிகளும் துயரத்தில் ஆழ்ந்துள்ளன. உப்பில்லா வடாபாவ் ஒன்றும், உப்பிய பாதங்கள் இரண்டும் அவரை இழந்து வாடுகின்றன. கடைசி ரூமில் என்ன இருக்கிறது என்பதை அவர் நேரில் பார்க்கச் சென்றுள்ளார். சொல்லமாட்டார்.'

முப்பத்திரண்டு பேர் பதில் போட்டார்கள். பிம்ப்ரிக்காரன் ஒருவன், 'டப்பாவோட ஜாய்ஸ்டிக் எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்' என்று எழுதினான். நான் ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை படித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மறுபடி போனேன். திரையின் இடது மூலையில் மஞ்சள் உறை மினுக்கியது. பக்கத்தில் ஒன்று என்ற எண். தனிச்செய்தி, அனுப்பியது கடைசி டப்பா. பன்னிரண்டாவது ஆளும் எழுந்து வந்துவிட்டான் என்று எனக்கு ஒரே குஷி. கிளிக் செய்யப் போகும்போது 'பாவு' என்று எல்லோரும் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் கடைக்காரர் பின்னாலிருந்து, "டைம் சம்ப்லா ரே" என்றார். நேரம் முடிந்ததாம். இன்னும் ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம், அவர் நல்ல மனுஷன். நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் திறந்து, நீ திட்டியிருப்பதைச் சத்தமாக வாசித்துக்காட்டலாம் என்று தோன்றியது. பாராட்டைப் பத்திரப்படுத்தினேன், தீபாவளிப் பட்டாசை வெயிலில் வைப்பதுபோல.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஃபோன் அடித்தது. பூத்திலிருந்து உன் தங்கை.

"அண்ணா, அவன் போயிட்டான்."

"எங்க போனான்?" என்று கேட்டேன். அதுதான் நான்.

உனக்குக் காரியம் செய்த அன்றுதான் மீதி தெரிந்தது. உன் தங்கை ஒரு டம்ளர் காப்பியோடு என்னை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திச் சொன்னாள். நீ செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறாய். புதன் காலை கஃபேக்குப் போயே தீர வேண்டும் என்று அடம். ஆகுர்டி கஃபே இரண்டாவது மாடி. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறாய்.

"எதையோ படிச்சான். மறுபடி மேலேருந்து படிச்சான். அப்புறம் ஒரு மணி நேரம், ரெண்டு வெரல்ல தட்டித் தட்டி உங்களுக்கு எழுதினான்ணா. என்னப் பாக்கக் கூடாதுன்னுட்டான். 'இது கொசுவுக்கு மட்டும்'னான். எறங்கறப்ப படியிலயே உக்காந்துட்டான். இன்னாண்ணா எழுதியிருந்தான்?"

அவள் பின்னால் உன் அம்மா நின்றிருந்தார்கள். முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி. நான் இன்னும் திறக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று சொற்கள்தான். ஆனால் எனக்கு அஞ்சலி எழுதித்தானே பழக்கம்.

"கடைசி ரூமுக்கு வந்துட்டேன்டா, பயமா இல்லன்னு எழுதியிருந்தான்" என்றேன்.

உன் அம்மா அப்படியே கீழே உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதார்களாம். "பயமா இல்லன்னானா? எம்புள்ள பயப்படலயா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இல்லம்மா, பயப்படல. இல்லம்மா. அதை நான் ஏழெட்டு முறை சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த உறையை எப்படித் திறப்பேன்? உள்ளே 'பயமா இருக்குடா' என்று இருந்தால்? அதையாவது தாங்கலாம். 'ஒரு தடவை வந்துட்டுப் போடா' என்று இருந்தால்? புதனிலிருந்து சனி வரை மூன்று நாள், நாலு ஸ்டேஷன். என் கணக்கு அந்த இடத்தில் நின்றுவிடும். உன் வழிகாட்டிகள் நிற்பது போலவே.

ஞாயிறு தோறும் போனேன். உறை மினுக்கியது. பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், வேலை, கல்யாணம், சென்னை. மூன்று ஞாயிறு வராதவர்களுக்கு யாரும் பாவ்பூர்ண போடவில்லை. எழுதுகிறவன் எழுதுவதை நிறுத்தியிருந்தான். கடைசியில் தளத்தில் நானும் அந்த உறையும்தான். ஒருநாள் அமெரிக்காக்காரன் அறிவிப்பு போட்டான்: முப்பது நாளில் எல்லாத் தளங்களும் அழிக்கப்படும், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி நாளைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கதை வைத்திருக்கிறேன். மழை, ரயில் தாமதம், நான் போய்ச் சேர்வதற்குள் தளம் மறைந்துவிட்டது என்று. நன்றாகச் சொல்வேன், கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். மழையும் இல்லை, நான் ஏற வேண்டிய ரயிலும் இல்லை. கஃபே என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். காலை பத்து மணிக்கே போய் ஒரு மணி நேரம் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்தேன். உறை மினுக்கிக்கொண்டிருந்தது. நான் இன்னொரு விண்டோவில் சீட்டுக்கட்டு ஆடினேன். பாவு டைம் சொல்வதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தபோது வெள்ளைப் பக்கம்.

நேற்று கடையில் உன் பேனரைத் திரையில் காட்டினார்கள். மீசை சரியாக முளைக்காத உன் முகம், என்னைவிட இருபது வயது சின்னவனாக. கீழே, தமிழில், பெரிய எழுத்தில் நான் எழுதி அனுப்பிய என் வரி: 'கடைசி ரூமுக்கு வந்துட்டேன்டா, பயமா இல்ல.' உன் பெயரில், மேற்கோள் குறிக்குள். பன்னிரண்டடி அகலம். நாக்காவில் சிக்னலுக்கு நிற்கிற ஒவ்வொருவனும் படிப்பான். உனக்கு நான் போட்ட இரண்டாவது பாவ்பூர்ண அது. முதலாவதையாவது நீ எழுதியதாகச் சொல்லவில்லை.

"அந்த வரியை எடுத்துடுங்க" என்று இந்தியில் சொன்னேன். இயந்திரத்துக்காரர், சரி, அந்த இடம் காலியாகவே இருக்கட்டுமா என்று கேட்டார். காலியாகவே இருக்கட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலி இடத்தைப் பணம் கொடுத்து அச்சடிப்பவன் அவர் அனுபவத்தில் புதிது போலும்.

இறங்கும்போது ஏழாவது படியில் எனக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன். அங்கே சுவாரஸ்யமாக ஒன்றுமே இல்லை, டப்பா. ஒரு ரிக்‌ஷா, ஒரு நாய். இத்தனை நாளும் நீ பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

நாளை ஞாயிறு. பதினொரு மணிக்கு உன் தங்கை பேனரைப் பார்க்கக் கடைக்கு வருகிறாள். படத்துக்குக் கீழே வெறுமையாக இருப்பதைப் பார்த்து, "லைன் எங்கண்ணா?" என்று கேட்பாள். நான் திறக்கவே இல்லை என்று சொல்லப்போகிறேன். அதைச் சொல்லத் தமிழில் மூன்று சொற்கள், இருபது வருஷமாக வாய்க்குள் வைத்திருக்கிறேன். கண்ணை மூடினால் இடது மூலையில் அந்த மஞ்சள் உறை இன்னும் மினுக்குகிறது, பக்கத்தில் ஒன்று என்ற எண்ணோடு.

அவள் என்ன கேட்பாள் என்பது வரை எனக்கு வழி தெரியும். அதற்குப் பிறகு அவள் முகம் என்ன ஆகும் என்பது தெரியாது. நீ சொல்லியும் தரமாட்டாய்.